கொசுவம் வைத்த சிவப்பு ஜாடி

ஜனவரி 12

இன்ஜினியர் சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் புது ஷோகேஸின் படமும் கிடைத்தன. தட்டுக்குத் தட்டு தனி விளக்குப் போட்டிருக்கிறீர்கள். நல்லது. எங்கள் வீட்டில் மனிதர்களுக்கே அறைக்கு ஒரு விளக்குதான்.

படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன். பூஜாடி, குடுவை, சென்ட் புட்டி, அந்த மீன் வடிவத் தட்டு எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு உருப்படி. கல்யாணம் ஆகிப் பதினாலு மாதத்தில் ஐம்பத்தெட்டு. என்னிடம் இருப்பது முப்பத்தொரு வருஷத்தில் சேர்த்த நாற்பத்து மூன்று. அதிலும் ஒன்று வெறும் மூடி. அதற்குரிய குடுவை இன்னும் அகப்படவில்லை. கௌரவத்துக்காக அதையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

சம்பந்தம் பேச வந்த அன்று என் அலமாரி முன்னால் நின்று, "இதெல்லாம் எதுக்குங்க? தூசு துடைக்கவே ஒரு ஆள் வேணுமே" என்று கேட்டீர்கள். அப்போது சிரித்து மழுப்பினேன். நான் ஜன்னலுக்கும் படத்துக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற கடைக்காரன். நான் விற்கிற கண்ணாடியை ஒருவரும் பார்ப்பதில்லை. அதன் வழியாக வேறு எதையோ பார்க்கிறார்கள். பார்ப்பதற்கென்றே செய்த கண்ணாடி நாலு நம் வீட்டில் இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். இதுதான் பதில். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு நல்ல பதிலெல்லாம் ஒன்றரை வருஷம் தாமதமாகத்தான் வரும்.

பாப்பா போன வாரம் போன் செய்தாள். "அப்பா, மாமாவோட அலமாரி லைட்ட போட்டா ஹாலே ஜொலிக்குதுப்பா!" என்றாள். "அப்படியா, நல்லதும்மா" என்றேன். போனை வைத்ததும் என் வீட்டுக்காரி, "உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்று கேட்டாள். வெயில் என்றேன். "வீட்டுக்குள்ளயா வெயில்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் தெருவுக்கு அவளும் உங்களோடு வருகிறாளாமே. ஏழு வயதிலிருந்து என்னோடு வந்தவள். இப்போது நான் தனியாகப் போய் வருகிறேன். சும்மா தகவலுக்காக எழுதினேன்.

உங்களுக்குக் காது மந்தமாகிப் போனதால் போனில் பேச முடியாமல் நாம் இரண்டு பேரும் கடிதக்காரர்கள் ஆகிவிட்டோம். ஒரு வகையில் வசதிதான். என் குரல் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நாற்பத்து மூன்றோடு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 25

கடைக்காரச் சம்பந்திக்கு,

வணக்கம். தற்போது ஐம்பத்தொன்பது.

விவரம்: பூஜாடி. உயரம் 262 மி.மீ. வாயின் விட்டம் 118. வெளிப்புறம் ரத்தச் சிவப்பு, உட்புறம் பால்வெள்ளை. விளிம்பு நேராக இல்லை. புடவைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக இருக்கிறது, பதினொரு மடிப்பு. வயிற்றில் கிளையில் உட்கார்ந்த வெள்ளைப் பறவை. வண்ணம் விரலில் தடவினால் மேடு தட்டுகிறது. அடியில் ஒரு காசு அளவுக்குத் தேய்த்து மழுப்பிய குழி. சுற்றிலும் சிறு கீறல்கள். படம் இணைத்திருக்கிறேன்.

கண்டுபிடித்தது நான் அல்ல. உங்கள் மகள்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மேஜையைத் தாண்டிப் போனாள். பிறகு என் பக்கம் திரும்பி என்னவோ முணுமுணுத்தாள். "என்ன?" என்று கேட்டேன். என் "என்ன" எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை ஆலை பாய்லர் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவனின் "என்ன". தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் போனில் தட்டிக் காட்டினாள்: "மாமா, திரும்பாதீங்க. மூணாவது மேஜை, உடைஞ்ச மிக்சி பக்கத்துல. முதல்ல மிக்சிய விலை கேளுங்க." கேட்டேன். இப்போது வீட்டில் ஒரு உடைந்த மிக்சியும் இருக்கிறது.

இது உண்மையிலேயே நூறு வருஷத்துப் பழசா, இல்லை பழசு போலச் செய்த புதுசா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள், "எங்கப்பாகிட்ட கேளுங்க மாமா, எங்கப்பா பாத்ததும் சொல்லிடுவாரு" என்றாள். இந்த வீட்டில் ஒரு நாளைக்குச் சராசரி ஒன்பது முறை "எங்கப்பா" உச்சரிக்கப்படுகிறது. காது மந்தமான எனக்கே ஒன்பது எட்டுகிறது.

உங்கள் தீர்ப்பு வந்த பிறகே நடுத்தட்டில் வைப்பதாக இருக்கிறேன்.

சம்பந்தி


பிப்ரவரி 3

சம்பந்தி அவர்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். கையெழுத்து சரியாக வரவில்லை.

படத்தை நன்றாகப் பார்த்தேன். வெளிச்சத்தில் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சொல்லவே வருத்தமாக இருக்கிறது. அது புதுசு.

உங்களுக்குச் சந்தேகம் வரலாம், அதனால் விளக்குகிறேன். ஊதிச் செய்கிற ஜாடியை, அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுக்கும்போது அடியில் வடு விழும். அதைத் தேய்த்து மழுப்புவார்கள். அந்தக் குழியைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் இந்தக் காலத்தில் அந்தக் குழியையும் போலியாகப் போட்டு விற்கிறார்கள். கீறல்களா, அது உப்புத்தாள் வேலை. நாலு தேய்ப்பில் நூறு வயசு ஏறிவிடும். வண்ணம் மேடு தட்டுவதும் அப்படியே. பறவையின் முகத்திலேயே தெரிகிறது. பழைய பறவை இப்படி முழிக்காது.

இதே மாதிரி ஒன்றை, இதே மாதிரி என்றால் இதே மாதிரி இல்லை, அசல் ஒன்றை, இருபது வருஷத்துக்கு முன்னால் ஏலக்கடையில் பார்த்தேன். கொசுவ விளிம்பு, சிவப்பு, உள்ளே வெள்ளை. வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு டீ குடித்தபடி யோசிக்கலாம் என்று வெளியே வந்தேன். திரும்பிப் போனபோது மேஜையில் வட்டமாகத் தூசி இல்லாத ஓர் இடம் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து நான் டீயை நின்றபடியே குடித்துவிடுகிறேன். அந்த ஒன்றைப் பார்த்த கண் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மனசை விட்டுவிடாதீர்கள். ஐம்பத்தெட்டே பெரிய எண்தான்.

படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

வருத்தத்தோடு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 14

கடைக்காரச் சம்பந்திக்கு,

தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. உறவுக்காரர்களில் இப்படி முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் குறைவு.

ஜாடியை ஷோகேஸிலிருந்து எடுத்துவிட்டேன். என் மனைவி அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அடுப்புக்கு இடது பக்கம், கரண்டிகள் போட்டு வைக்க. உயரம் சரியாக இருக்கிறது என்கிறாள். ஏழு கரண்டி, ஒரு மத்து, இரண்டு தோசைத்திருப்பி.

மருமகளிடம் உங்கள் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "எங்கப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. ஆனால் உதடு அசையவில்லை.

சம்பந்தி


பிப்ரவரி 21

சம்பந்தி அவர்களுக்கு,

கரண்டியா?

மன்னிக்க வேண்டும், வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். வணக்கம். கரண்டியா?

இரும்புக் கரண்டி உள்ளே விழும்போது அடியில் இடிக்கும். புதுசாகவே இருந்தாலும் கண்ணாடி கண்ணாடிதானே. சம்பந்தியம்மாவிடம் மரக் கரண்டி மட்டும் போடச் சொல்லலாம். அதைவிட, கரண்டியே போடாமல் இருக்கலாம். அடுப்புப் பக்கம் வேண்டாம். சூடும் எண்ணெய்ப் புகையும் ஆகாது. ஷோகேஸிலேயே கீழ்த்தட்டு மூலையில் வைத்தால் என்ன? புதுசுக்கும் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

யோசித்துப் பார்த்தேன். ஒரு போலி என் கைவசம் இருந்தால் அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவியாக இருக்கும். ஆகவே அதை எனக்கு அனுப்பிவிடுங்கள். பதிலுக்கு என் நீலச் சென்ட் புட்டியைத் தருகிறேன். வெள்ளி மூடி போட்டது; அன்று நீங்கள்கூட அதை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தீர்கள். அது சத்தியமாக அசல்.

என் வீட்டுக்காரி இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நீலப் புட்டியவா குடுக்கறீங்க? என்னையே குடுத்தாலும் அதக் குடுக்க மாட்டீங்களே!" என்றாள். அவளுக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது.

பாப்பா அதிகம் பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது அன்றைக்கு மட்டும்தானே?

அவசரமாக,
உங்கள் சம்பந்தி


மார்ச் 4

கடைக்காரச் சம்பந்திக்கு,

உங்கள் யோசனையை ஏற்க முடியாது. ஒரு போலிக்குப் பதிலாக அசலை வாங்கிக்கொள்வது நியாயம் இல்லை. அதுவும் மருமகளின் தகப்பனாரிடமிருந்து. நீலப் புட்டி உங்களிடமே இருக்கட்டும். ஜாடியைச் சும்மாவே தருகிறேன். அடுத்த மாதம் என் மகன் வேலை விஷயமாக உங்கள் பக்கம் வருகிறான், கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் எழுதியபடி கரண்டிகளை எடுத்துவிட்டோம். இப்போது பாத்திரம் தேய்க்கும் பிரஷ்கள் இருக்கின்றன. அவை பிளாஸ்டிக். இடிக்காது.

கேட்டதற்குப் பதில்: அன்றைக்கு மட்டும் அல்ல. மூன்று ஞாயிறாக நான் தனியாகப் போய் வருகிறேன். "வாம்மா" என்று கூப்பிட்டேன். "எனக்குக் கண்ணு பத்தாது மாமா. நான் நல்லதுன்னு நெனச்சு எடுத்ததே போலி. நீங்க போயிட்டு வாங்க" என்று எழுதிக் காட்டினாள். நானும் ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். எதைக் கேட்டாலும் கடைக்காரர்கள் பதிலைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். அவள் இருந்தால் எழுதிக் காட்டுவாள்.

சம்பந்தி


மார்ச் 12

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் சின்னதுதான்.

பாப்பாவிடம் சொல்லுங்கள், முப்பது வருஷக் கண்ணும் தவறும் என்று. நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். நீங்களாகவே சொல்லுங்கள். அவள் கண் நல்ல கண். ஒன்பது வயதில் ஒரு கூடை மருந்து பாட்டிலுக்குள்ளிருந்து ஒரு பச்சை மைக்கூட்டை எடுத்துக்கொண்டு வந்தவள். அது இன்னும் என் இரண்டாம் தட்டில் இருக்கிறது. கண்டிப்பாக அவளை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். என்னோடு அல்ல, உங்களோடு என்றாலும் போகட்டும்.

ஜாடியைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். பிரஷ் வேண்டாம். யாரும் கழுவ வேண்டாம். முக்கியமாக வெந்நீர் கூடவே கூடாது. உள்ளே ஒரு கண்ணாடி, வெளியே ஒரு கண்ணாடி என்று ஒட்டிச் செய்தது. இரண்டும் ஒரே வேகத்தில் சூடாகாது.

மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். நானே நேரில் வருகிறேன். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. உங்களுக்கோ கேட்காது; எனக்கோ எழுத வராது. எப்படிச் சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சம்பந்தி


மார்ச் 16

கடைக்காரச் சம்பந்திக்கு,

வெந்நீர் கூடாது என்ற உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. நேற்று மாலையே ஆகிவிட்டது.

முதலில் சொல்லிவிடுகிறேன், மருமகள் நலம். இடது கை ஆள்காட்டி விரலில் இரண்டு தையல். நரம்பில் படவில்லை. பயப்பட வேண்டாம்.

ஜாடி உங்களுக்கு வரப்போகிறது என்பதால், "அப்பாவுக்குப் போறது, எண்ணெய்ப் பிசுக்கோட அனுப்பக் கூடாது" என்று கழுவ எடுத்திருக்கிறாள். பச்சைத்தண்ணீரில் பிசுக்குப் போகவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருக்கிறாள். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி இன்னும் மூன்றாக ஆகிவிட்டது.

டாக்டரிடம் போய் வந்த பிறகு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு துண்டுகளைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல வேளை மாமா, எங்கப்பா முன்னாடியே சொன்னாரு. இது மட்டும் நெஜமானதா இருந்திருந்தா இன்னிக்கு நான் செத்தே போயிருப்பேன்" என்றாள். இரவு நன்றாகச் சாப்பிட்டாள்.

ஆகவே உங்கள் தீர்ப்புக்கு இரண்டாம் முறையாக நன்றி சொல்கிறேன். அது இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணைத் தேற்றியிருக்க முடியாது.

ஏதோ நேரில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வாருங்கள்.

சம்பந்தி


மார்ச் 23

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டையும்.

அது அசல். நூறு வருஷத்துக்கு மேலேயே இருக்கும். ஜனவரியில் உங்கள் கவரிலிருந்து படத்தைப் பாதி இழுத்தபோதே தெரிந்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் என்று எழுதினேனே, அது ஏதாவது குறை கிடைக்காதா என்று பார்த்தது. கிடைக்கவில்லை. பறவை முழிக்கிறது என்று எழுதினேன். முழித்தது நான்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். உங்கள் ஷோகேஸ் விளக்கைப் பொறுத்துக்கொண்டேன், சத்தியம். ஐம்பத்தெட்டையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போனாள் என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் என் பொறுமை போயிற்று. அது எங்கள் இரண்டு பேருடைய நடை. நல்ல பொருளைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கை கட்டியிருந்தால் மற்றவர் போய்ப் பேச வேண்டும். எங்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்த நடையை உங்களுக்காக நடந்திருக்கிறாள். நீங்கள் "என்ன?" என்று கத்தியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் கத்தியிருக்க மாட்டேன். படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அப்படித்தான் ஓடியது: நானாக இருந்தால், நானாக இருந்தால்.

நான் இருபது வருஷமாகத் தேடிய ஜாடியை என் மகள் கண்டுபிடித்து உங்களுக்குக் கொடுத்துவிட்டாள். உங்கள் சந்தோஷத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று ஒரு வார்த்தை எழுதினேன். அது போய் அவள் கண்ணில் விழுந்தது. அதற்குப் பிறகும் புத்தி வந்ததா? இல்லை. நீலப் புட்டியைக் கொடுத்து அதை அடித்துக்கொண்டு வரப் பார்த்தேன். பொறாமைக்காரன் என்றால் பரவாயில்லை, திருடனுமாகிவிட்டேன்.

இப்போது ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பாப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன், தபாலில் போடவில்லை. அதைப் போட்டால், அவள் கண் சரியான கண் என்று அவளுக்குத் தெரியும். அப்போதே, அசலைத்தான் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி உடைத்தோம் என்றும் தெரியும். அவளை எனக்குத் தெரியும் சம்பந்தி. பள்ளிக்கூடத்தில் ஒரு பூகோள உருண்டையை உடைத்துவிட்டு இரண்டு வருஷம் அந்த வகுப்பு வாசலைச் சுற்றிக்கொண்டு போனவள். போடாமல் விட்டால், தனக்குக் கண் இல்லை என்று நம்பிக்கொண்டே இருப்பாள். அப்பன் என்ற ஒருவன் செய்த வேலையைப் பாருங்கள்: எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்குத்தான் வெட்டுகிறது.

நீங்கள் படித்தவர். என்ன செய்யட்டும் என்று சொல்லுங்கள். திட்டிவிட்டுச் சொன்னாலும் சரி.

நேரில் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது.

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 8

கடைக்காரச் சம்பந்திக்கு,

நீங்கள் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

மார்ச் 16 கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, துண்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முன் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். பழக்கம். ஒரு பக்கம் கனம் 2.1 மி.மீ. நேர் எதிர்ப் பக்கம் 5.4. இயந்திரம் இப்படிச் செய்யாது. மூச்சுத்தான் இப்படிச் செய்யும். உடைந்த விளிம்பில் நீங்கள் எழுதியபடியே உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு அடுக்கு இருந்தது. முப்பது வருஷம் அளந்து பிழைத்தவன் நான். முழு ஜாடியாக இருந்தபோது உங்கள் வார்த்தையை நம்பி அளக்காமல் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம் உங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இந்த உறவில் நான் உங்களுக்கு எழுதிய கடைசிக் கடிதம் மார்ச் 16 ஆக இருந்திருக்கும். எழுதினீர்கள். ஆகவே எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

நியாயமாக என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் தீர்ப்புக்காக அந்தப் படத்தை அனுப்பினேன் என்பது பாதி உண்மை. ஜாடியைத் திருப்பித் திருப்பி வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு, பதினாறு படம் எடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தீர்ப்புக்கு ஒரு படம் போதும். நீங்கள் எரிய வேண்டும் என்றுதான் பதினாறு. ஒன்பது முறை "எங்கப்பா" என்று எழுதினேனே, நான் எண்ணினேன் என்பதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் மகன் என்னைப் பற்றி ஒரு முறைகூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. காது நன்றாக இருந்த காலத்திலும்.

இன்னொன்று. எனக்குக் கண்ணாடி பிடிக்கும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வந்த புதிதில் மருமகளுக்கு என்னோடு பேச எதுவும் இல்லை. "சாப்பிட்டீங்களா மாமா", "மாத்திரை போட்டீங்களா மாமா", அவ்வளவுதான். ஒரு நாள் நீங்கள் கொடுத்தனுப்பிய பச்சைக் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். நிதானமாக, உதடு தெரிய, கையால் உருவம் காட்டி. முழுவதும் புரிந்தது. மறுநாளே போய் ஒரு ஜாடி வாங்கி வந்தேன், அதைப் பற்றியும் பேசுவாள் என்று. அப்படி ஐம்பத்தெட்டு.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கவரைக் கிழித்துவிடுங்கள். அவளுக்குச் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன், துண்டுகள் எல்லாம் போய்விட்டன.

அவள் கண்ணைப் பற்றி: எங்களுக்கு அந்த ஜாடியை விற்ற கடைக்காரருக்குத் தெருவில் கட்டைமீசை என்று பெயர். அவரிடம் நான் தனியாகப் போனேன். அவர் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன், ஐந்து வரி. அடுத்த ஞாயிறு, விரலில் கட்டோடு இருந்தவளை வற்புறுத்தி அழைத்துப் போனேன். மனிதர் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுச் சொந்தமாக நடிக்க ஆரம்பித்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார். அவள் பிறகு எனக்கு எழுதிக் காட்டியதன் சாரம்: அந்த ஜாடி போலிதான், ஆனால் அவரையே ஏமாற்றிய போலி, கண் இல்லாதவன் அந்த மேஜையில் மிக்சியைத்தான் பார்ப்பான், நல்ல கண் உள்ளவர்கள் மட்டுமே அதில் ஏமாற முடியும்.

திரும்பி வரும்போது ஐந்தாவது மேஜை அருகே அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. கட்டுப் போட்ட விரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை நான் கத்தவில்லை.

சில மாதங்களுக்கு உங்களிடம் தீர்ப்பு எதுவும் கேட்க மாட்டேன்.

சம்பந்தி


ஏப்ரல் 17

சம்பந்தி அவர்களுக்கு,

கவரைக் கிழித்துவிட்டேன். ஒட்டிய கவரைக் கிழிப்பது லேசாக இல்லை. நன்றாக ஒட்டித் தொலைத்திருந்தேன்.

பாப்பா நேற்றுப் போன் செய்தாள். நீங்கள் எழுதியதெல்லாம் அவள் வாயால் இன்னொரு தடவை வந்தது. "அப்பா, கடைக்காரரே ஏமாந்துட்டாராம்ப்பா! அழுதே அழுதுட்டாரு பாவம். நீ ஒருத்தன்தான் அதுல ஏமாறல. நீ படத்தப் பாத்தே கண்டுபிடிச்சிட்ட, இல்ல?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். அதை வைக்க வீட்டில் இடம் இல்லை.

அதோடு விட்டாளா. "மாமா எவ்வளவு நல்லவரு தெரியுமா? நான் வரமாட்டேன்னு அடம் பிடிச்சும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. நான் ஏமாந்தத நெனச்சு என்னவிட அவருக்குத்தான் வருத்தம்" என்றாள். அதற்கும் "ஆமாம்மா" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சம்பந்தி, நீங்கள் என்னைவிட அதிகம் சேர்த்தீர்கள். சரி. என்னைவிட நல்ல அலமாரி வைத்தீர்கள். சரி. பொய்யிலாவது நான் முந்தியிருக்கிறேன் என்று ஒரு சின்ன இடம் எனக்கென்று பாக்கி இருந்தது. நான் ஒரு பொய் சொல்லி என் மகளின் கண்ணைப் பிடுங்கினேன். நீங்கள் ஒரு பொய் சொல்லி அதைத் திருப்பி வைத்தீர்கள். அந்த ஐந்து வரி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான்தான் அப்பா. தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது. நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். இந்த வரி வரைக்கும் வந்தும் நெஞ்சு முழுக்க எரிச்சலாகத்தான் இருக்கிறது. நன்றியும் அதற்குள்ளேயே எங்கோ கிடக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலப் புட்டியைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எதற்கும் பதிலாக அல்ல. அதை நடுத்தட்டில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. பாப்பாவை அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அதை வாங்கிய கதை அவளுக்கு நன்றாகத் தெரியும், ஒரு மணி நேரம் வரும்.

போனை வைப்பதற்கு முன்னால், "அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நீயும் வாயேன்ப்பா. மூணு பேருமாப் போலாம்" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் நான், நடுவில் அவள். அவள் கையைக் கட்டிக்கொண்டால் பேரம் பேச நீங்களே போங்கள். நான் பின்னால் நிற்கிறேன். பழசா புதுசா என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று. அவள் எதையாவது கண்டுபிடித்துவிட்டுச் சந்தோஷத்தில் தலையைத் திருப்புவாள் இல்லையா, முதலில் யார் பக்கம் திருப்புகிறாள் என்று பார்ப்பேன். அதை மட்டும் நிறுத்திக்கொள்கிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நீங்களும் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பாப்பாவின் அப்பா